மாமியார் ஏறிய பாறை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்ந்த துணிகளை எடுக்கப் போன தராசம்மா, மருமகளின் துவாலைக்குப் பின்னால் ஒரு ஜோடி காலணி ஒளிந்து தொங்குவதைப் பார்த்தாள். குழந்தைக்கு வாங்கியது போலச் சின்னதாக, இறுக்கமாக இருந்தது. அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு ரப்பர். முனை கிளி மூக்கு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். கடல் உப்பு.

இதே மாதிரி ஒரு ஜோடி அவள் மகனிடம் இருந்தது.

தராசம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, சந்தையில் வைத்த பெயர். எடையளவுச் சோதனை அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாக ஆய்வாளராக இருக்கிறாள். கடை கடையாகப் போய்த் தராசுகளில் தன் எடைக்கற்களை வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் ஈய முத்திரை. இல்லாவிட்டால் தராசு அலுவலக வண்டியில் ஏறிவிடும். இருபது கிலோ இரும்புக் கல்லை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு படியேறுவாள். 'சுமார்', 'ஏறக்குறைய' என்று யாராவது பேசினால், 'அப்படின்னா எவ்வளவு?' என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.

அவளுக்கு ஒரே மகன். பதினேழு மாதங்களுக்கு முன்னால், பத்து நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்விட்டான்.

அவன் ஆஸ்பத்திரியில் போவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய நாலு வருஷமும் ஞாயிறு தவறாமல் ஒரு குழுவோடு கடலோரப் பாறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஏறுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்வதில்லை. கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பாறையில் வெறுங்கையால் ஏறவேண்டியது, பிடி நழுவினால் கீழே தண்ணீரில் விழவேண்டியது. அவ்வளவுதான் அந்த விளையாட்டு. மகன் அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் ராத்திரிச் சாப்பாடு ஆனதும், சமையலறையில் பாத்திரம் துடைத்தபடியே மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொல்வான். முதல் பிடி எங்கே, அடுத்த பிடி எங்கே, கால் எங்கே வழுக்கும், எல்லாம். கூடத்தில் செய்தித்தாள் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த தராசம்மாவின் காதில் அத்தனையும் விழும். நாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை அவளுக்குத் தண்ணீர்கூட இறங்காது. ஆனாலும் போகாதே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. வளர்ந்த பிள்ளையின் காலைக் கட்டக்கூடாது என்பது அவள் பிடிவாதம். முகத்தில்கூடக் காட்டியதில்லை.

இப்போது அதே காலணி. மருமகளின் அளவில்.

மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஞாயிறுதான் அங்கே கூட்டம் என்பதால் கணவன் இருந்தவரை அவளுக்கு அந்தக் கிழமையில் விடுமுறை கிடைத்ததில்லை. அவன் போன ஆறாவது மாதம் கடையில் கேட்டு ஞாயிறு விடுமுறை வாங்கிக்கொண்டாள். சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். பெண் வெளியே நாலு மனிதர்களைப் பார்க்கட்டும் என்று தராசம்மாவும் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அன்று இரவு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழாய் சொட்டுவதைப் பற்றியும் மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். பதினேழு மாதமாக அந்த வீட்டில் அப்படிப்பட்ட பேச்சுதான். நடுவில் இருக்கும் காலி நாற்காலியை இரண்டு பேரும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

தராசம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பாறைக்கு நீ ஏறத்தான் போகிறாயா, விழப் போகிறாயா? அதை எப்படிக் கேட்பது? கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டால்? அதட்டிப் போகாதே என்று சொன்னால், அவள் அம்மா வாரம் ஒரு முறை போன் செய்து வீட்டுக்கு வந்துவிடு என்கிறாளே, அங்கே போய்விட்டால்? மருமகள் இந்த வீட்டில் இருந்தாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆகவே தராசம்மா கேள்வியை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினாள். சனிக்கிழமை அலுவலகம் போகும்போது இடதுகால் காலணியைக் கைப்பைக்குள் போட்டு எடுத்துப் போனாள். எடைக்கல் பெட்டியில் ஐந்து கிலோக் கல்லுக்கான பள்ளம் காலியாக இருந்தது. காலணி அதில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. பெட்டியைப் பூட்டினாள்.

ஞாயிறு காலை மருமகள் குளியலறையிலும் துணி காயப்போடும் மாடத்திலும் கொஞ்ச நேரம் தேடினாள். எதைத் தேடுகிறாய் என்று தராசம்மா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்தாள். இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. கிளிஞ்சல் குத்திவிட்டது என்றாள். ஒட்டிய துணியைத் தராசம்மா வெந்நீர் ஊற்றிப் பிரித்துப் பார்த்தாள். பெருவிரலிலிருந்து உள்ளங்கால்வரை தோல் உரிந்திருந்தது. ஒரு காலில் காலணியோடும் ஒரு காலில் வெறுமையாகவும் பாறையில் ஏறியிருக்கிறாள்.

அந்தக் காலை மடியில் வைத்து மருந்து போட்டாள். எரிகிறதா என்று கேட்டாள். மருமகள் இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலணி துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் 'கிடைத்தது'. மருமகள் அதை வாங்கிக்கொண்டு, "நல்லாத் தேடினீங்க, அத்தை" என்றாள். அதில் கேலி இருந்ததா இல்லையா என்று தராசம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாவது யோசனை முதுகுவலி. வலி ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தது. மருமகள் பையைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, வெந்நீர்ப் பை வைத்து, நாள் முழுக்கக் கூடவே இருந்தாள். மத்தியானம் இருவரும் சேர்ந்து பழைய வானொலியைப் பிரித்துத் துடைத்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு வந்த நல்ல ஞாயிறு அது. ஆகவே அடுத்த ஞாயிறும் வலி வந்தது.

மூன்றாவது ஞாயிறு, மருமகள் கீழ்வீட்டு பிசியோதெரபிஸ்டைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். அவர் நேர்மையான மனிதர். கட்டைவிரலால் முதுகெலும்பு நெடுக அழுத்திப் பார்த்தார். எங்கே அழுத்தினாலும் தராசம்மா ஒரு விநாடி தாமதமாகத்தான் ஆ என்றாள். ஞாயிறு மட்டும் வரும் வலியை அவர் புத்தகத்தில் படித்ததில்லையாம். இருந்தாலும் கல் தூக்குகிற வேலை என்பதால் அலட்சியம் கூடாது என்றார். மாத்திரை வேண்டாம், நீச்சல்தான் மருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐம்பத்தாறு வயதில் தராசம்மா நீச்சல் குளத்தில் இறங்கியது இப்படித்தான். வாரத்தில் மூன்று சாயங்காலம். மருமகள் கடையிலிருந்து நேரே வந்து குளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். முதல் வாரம் தராசம்மா கம்பியை விடவே இல்லை. மூன்றாவது வாரம் மிதந்தாள். ஏழாவது வாரம் குளத்தை நீளவாக்கில் கடந்து, எதிர்ச் சுவரைத் தொட்டு, திரும்பியும் வந்துவிட்டாள். தண்ணீருக்குள் காது அடைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. முதுகுவலி பூரணமாகக் குணமாகிவிட்டதாக நீச்சல் பயிற்சியாளர் மருமகளிடம் கைகுலுக்கிச் சொன்னார். அடுத்த ஞாயிறு காலை மருமகள் மறுபடி பையை எடுத்தாள்.

தராசம்மாவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. மாமியாரைக் கூட்டிக்கொண்டு எந்த மருமகளும் சிநேகிதர்களோடு வெளியே போகமாட்டாள் என்று கணக்குப் போட்டாள். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ போற எடம் எனக்குத் தெரியும். இந்த ஞாயிறு நானும் வர்றேன்."

மருமகள் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "பாறைக்கா, அத்தை?"

"பாறைக்குத்தான்."

"ஏறவா?"

இங்கேதான் தராசம்மா இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சும்மா வேடிக்கை பார்க்க என்றால் சம்மதித்துவிடுவாளோ என்று பட்டது. அவளை மலைக்க வைத்து நிறுத்த வேண்டும். "பின்ன எதுக்கு? ஏறத்தான்" என்றாள்.

மருமகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "உங்க கால் அளவு என்ன, அத்தை?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை புதுக் காலணி வந்தது. போட்டுப் பார்த்ததில் பத்து விரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

குழுவின் தலைவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள். பகலில் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வயதைக் காரணம் காட்டி இவராவது தடுத்துவிடுவார் என்று தராசம்மா நம்பினாள். அவர் வயதைக் கேட்டார். எண் விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது. ஐம்பத்தாறு வருஷம் நான்கு மாதம் என்றாள். பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த நீச்சல் சான்றிதழை மருமகள் நீட்டினாள். கேப்டன் அதைப் படித்துவிட்டு, அவள் யாருடைய அம்மா என்பதைத் தெரிந்துகொண்டு, அதை மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தாராளமாக வாங்க அம்மா என்றார்.

ஞாயிறு காலை படகில் ஆறு பேர். கேப்டனோடு இரண்டு இளைஞர்கள், இவர்கள் இருவர், இயந்திரத்தின் பக்கத்தில் படகுக்காரம்மா. தராசம்மாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். முழங்கைவரை கறுத்துக் காய்த்த கை. மருமகள் அறிமுகம் செய்துவைத்தபோது அவள் தராசம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "தெரியும்மா. அவர் முகம்தான் உங்களுக்கும்" என்று மட்டும் சொல்லி, தன் பக்கத்துப் பலகையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்தாள்.

முனையைத் திரும்பியதும் பாறை வந்தது. நாலு மாடி உயரம் இருக்கும். வெயில் படாத பக்கம். அடிவயிறு உள்வாங்கி, மேல்பாதி கடலை எட்டிப் பார்ப்பதுபோல் வெளியே சாய்ந்திருந்தது. அலை அதிகம் இல்லை. தண்ணீர் கரும்பச்சையாக, கனமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆழம் எவ்வளவு?" என்று தராசம்மா கேட்டாள்.

"தாராளமா இருக்கும்மா" என்றார் கேப்டன்.

"தாராளம்னா எத்தனை மீட்டர்?"

கேப்டன் படகுக்காரம்மாவைப் பார்த்தார். அவள் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினாள். பதினொன்று. இடதுபக்கம் பத்து மீட்டர் தள்ளி இன்னொரு முறை இறக்கச் சொன்னாள் தராசம்மா. பத்தரை. கீழே பாறை எதுவும் துருத்திக்கொண்டிருக்கவில்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். இளைஞர்களில் ஒருவன் எட்டித் தண்ணீரைப் பார்த்தான். இதுவரை அவன் கேட்காத கேள்வி போலிருக்கிறது.

அவளுடைய திட்டம் எளிமையானது. காலணியை மாட்டிக்கொள்வது, கடைசி நிமிஷத்தில் மயக்கம் என்று படகிலேயே உட்கார்ந்துவிடுவது, மருமகளை மனம் கலங்க வைத்துத் திருப்பிக் கூட்டிப்போவது. ஆனால் அவள் மயங்குவதற்குள் மருமகள் கைகளில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, படகிலிருந்து பாறை விளிம்புக்குத் தாவி, ஏறத் தொடங்கிவிட்டாள்.

நன்றாகத்தான் ஏறினாள். தராசம்மா அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டில் சுவரோரமாக நடக்கிறவள், இங்கே காலை எடுத்து வைத்தால் வைத்ததுதான். இரண்டாவது மாடி உயரத்தில் ஒரு சின்னத் திட்டு இருந்தது. அதில் ஏறியவள் நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் விரித்து, நெற்றியைப் பாறையில் பதித்து, அசையாமல் நின்றாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

தராசம்மா கேப்டனைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் மேலே பார்க்கவில்லை. பார்க்கக்கூடாத ஒன்று அங்கே நடக்கிறது என்று தராசம்மாவுக்குத் தோன்றியது. இதோ விடப்போகிறாள். கையை விடப்போகிறாள்.

கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் கால் நகர்ந்துவிட்டது. படகு அலையில் எழும்பிய சமயத்தில் பாறை விளிம்பில் காலை வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது படகு இரண்டு மீட்டர் தள்ளிப் போயிருந்தது.

கேப்டன் அவசரமாக வலது காலை மேலே வைக்கச் சொன்னார். ஒரு இளைஞன் இடது காலை என்றான். இன்னொருவன் கீழே பார்க்காதீங்க என்றான். தராசம்மா சந்தைக் குரலை எடுத்தாள்.

"யாராவது ஒருத்தர் பேசுங்க. இல்லன்னா யாருமே பேசாதீங்க."

யாருமே பேசவில்லை.

பாறை குளிர்ந்து, ஈரமாக, பழைய சிமெண்டுச் சுவர் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. அவள் வலது கையை நீட்டித் தடவினாள். விரல்கள் ஒரு வளைவில் போய் மாட்டின. கதவுக் கைப்பிடி மாதிரி ஒரு பிடி. இந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து நூறு தடவை கேட்டிருக்கிறாள். முதல்ல வலது கைக்குக் கதவுக் கைப்பிடி, அப்புறம் இடது பக்கம் ஒரு பொந்து, நாலு விரலும் உள்ளே அடங்கும். இடது கையைத் தூக்கினாள். பொந்து இருந்தது. நாலு விரலும் அடங்கின. கால் வழுக்கும் இடம் என்று அவன் சொன்ன இடத்தில் கால் வழுக்கியது. அதற்குப் பதிலாக வைக்க வேண்டிய இடமும் அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. முப்பத்தோரு வருஷம் இரும்புக் கல்லைத் தூக்கிய விரல்கள் அவளைத் தூக்கின. எத்தனை நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் எதையும் அளக்கவில்லை.

திட்டில் முழங்காலை ஊன்றி ஏறி, மருமகளின் மேற்சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அத்தை! நீங்க எப்படி இங்க?"

"விட்டுடாதே" என்றாள் தராசம்மா. மூச்சு வாங்கியது. "நான் பிடிச்சிருக்கேன். விட்டுடாதே."

மருமகள் அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. காணாமல்போன காலணி, ஞாயிற்றுக்கிழமை முதுகுவலி எல்லாம் அவள் கண்ணில் ஒவ்வொன்றாக வந்துபோயின.

"நான் சாக வரேன்னு நெனச்சீங்களா?"

தராசம்மா சட்டையை விடவில்லை.

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல." மருமகள் அவள் கையைச் சட்டையிலிருந்து பிரித்து, பாறையில் ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இந்தத் திட்டுல நெத்திய வெச்சு நின்னா, கடல் சத்தம் பாறைக்குள்ளேர்ந்து வரும்னு சொல்வார். வந்து பார்க்கணும்னு நெனச்சேன், அப்ப முடியல. வீட்டுல அவர் தொட்ட சாமான் எல்லாத்தையும் துடைச்சு வெச்சுட்டோம். இங்க யாரும் துடைக்கல. அவர் கை வெச்ச எடம் எல்லாம் அப்படியே இருக்கு. அதுல கை வெச்சுட்டுப் போகத்தான் வர்றேன்."

தராசம்மா பள்ளத்துக்குள் விரல்களை மடக்கினாள். பிறகு நெற்றியைப் பாறையில் வைத்தாள். வெகு ஆழத்தில், ஒரு பெரிய வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி, கடல் கேட்டது.

இருபது மாதமாக அவள் அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை. அந்தத் திட்டில், கிளி மூக்குக் காலணியில் விரல்கள் நசுங்க, பாறையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருமகள் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். கீழே படகில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அழுது முடித்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வழி எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று மருமகள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். "நம்ம சமையலறைச் சுவர் மெல்லிசு."

மருமகள் சிரித்தாள். பிறகு இருவரும் கீழே பார்த்தார்கள். ஏறிய வழியில் இறங்க முடியாது, அது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று மருமகள் சொன்னாள். இங்கிருந்து இறங்க ஒரே வழிதான்.

"உயரம்?"

"சுமார் ஆறு மீட்டர்."

"சுமாரா?"

"ஆறு மீட்டர் இருபது சென்டிமீட்டர்" என்றாள் மருமகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்ன கணக்கு என்று தராசம்மாவுக்குத் தெரியும். முதல் முறையாக மன்னித்துவிட்டாள்.

காலைச் சேர்த்து வைக்க வேண்டும், கையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், தண்ணீரைப் பார்க்காமல் எதிரே அடிவானத்தைப் பார்க்க வேண்டும். மருமகள் பொறுமையாக இரண்டு முறை சொன்னாள். நான் முதலில் குதித்துக் காட்டட்டுமா என்றதற்குத் தராசம்மா வேண்டாம் என்றாள். உன்னை இங்கே நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டு விழுந்தால்தான் எனக்குத் தைரியம் என்றாள். அது ஏன் என்று அவளாலேயே விளக்க முடியவில்லை.

அடிவானத்தைப் பார்த்தாள். ஓர் அடி முன்னால் வைத்தாள்.

வயிறு மேலே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் போயிற்று. உள்ளங்காலில் பலமான ஓர் அடி. அப்புறம் பச்சை. காது அடைத்தது, குளத்தில் அடைப்பது போலவே. எல்லாச் சத்தமும் நின்றது. மூக்கில் உப்பு ஏறியது. கால் தானாக உதைத்தது. தலை வெளியே வந்தபோது படகு பக்கத்திலேயே இருந்தது. படகுக்காரம்மா அக்குளில் கைகொடுத்து, வலையை இழுப்பதுபோல் ஒரே இழுப்பில் உள்ளே போட்டாள்.

இளைஞர்கள் கைதட்டினார்கள். முதல் நாளிலேயே அந்தத் திட்டுவரை ஏறியவர் யாரும் இல்லை என்று கேப்டன் சொன்னார். மூவரும் அடுத்த ஏற்றத்துக்காகப் பாறை விளிம்புக்குத் தாவிப் போனார்கள். படகில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். மேலே திட்டில் மருமகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

படகுக்காரம்மா அவளைப் பழைய இடத்தில் உட்கார வைத்துத் துவாலையைப் போர்த்தினாள். ஃபிளாஸ்கிலிருந்து சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தராசம்மாவின் பற்கள் டம்ளரில் இடித்தன. ஆனால் முகம் இருபது மாதத்துக்குப் பிறகு தெளிந்திருந்தது. தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். நுனிகளில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"எம் பையன் கை வெச்ச எடத்துல நானும் கை வெச்சுட்டேன்" என்றாள். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "நாலு வருஷம். ஞாயித்துக்கிழமை வந்தா எனக்கு உசிரே இருக்காது. ஆனா ஒரு வார்த்தை சொன்னதில்ல. முகத்துலகூடக் காட்டல. அம்மா இப்படிப் பயந்தான்னு அவனுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

படகுக்காரம்மா ஃபிளாஸ்கை மூடி வைத்தாள். மேலே திட்டைப் பார்த்தாள். பாறை விளிம்பில் நின்ற மூவரையும் பார்த்தாள். யாருக்கும் கேட்காது என்று தெரிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல எங்க யாருக்குமே மனசு வரலம்மா" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்க பையன் அந்தப் பாறைய ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. ஏறி வந்தவங்ககிட்ட ஒவ்வொரு பிடியாக் கேட்டுக்கிட்டு, நாலு வருஷமும் நீங்க உக்காந்திருக்கிற இதே பலகையிலதான் உக்காந்திருந்தார், எங்கம்மா பயந்துடுவாங்கன்னு."